மூத்தம்மாவின் குரலும் ஒரு பஞ்சு மெத்தையும்

"கழுத்தில் உள்ள கட்டியை எடுத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், குரலில் கொஞ்சம் மாற்றம் வரலாம்."

சென்ற வருடம் டொக்டர் இப்படிச் சொன்னபோது முதல் வசனத்தைக் கேட்டு எங்கள் வீட்டார் எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். என் காதில் நின்றது இரண்டாவது வசனம்தான். தைரொயிட் சுரப்பியை ஒட்டியே குரல்வளைக்குச் செல்லும் நரம்பு ஓடுகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்தச் சத்திரசிகிச்சையில் குரலுக்கு ஒரு சிறு ஆபத்து உண்டு. எங்கள் மூத்தம்மாவின் குரலோ சாதாரணக் குரல் அல்ல.

மூத்தம்மா கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவர். கவி படிப்பதில் அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்தவர். வயலிலும், கலியாண வீட்டுப் பெண்கள் மத்தியிலும், தொட்டில் ஓரத்திலும் அவர் படித்த கவிகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால்தான் 1980களில் சவூதியில் வேலை செய்த மூத்தாப்பா கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்புவாராம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அந்தக் கெசட்டுகள் அத்தனையும் போய்விட்டன. அதற்கு முன்பே மூத்தாப்பா மௌத்தாகியிருந்தார். "அவர்ட முகம் படத்துல இரிக்கி புள்ள. குரல்தான் இல்ல" என்று மூத்தம்மா இன்றும் சொல்வார்.

மூத்தம்மாவின் குரலும் அப்படி இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தேன். சத்திரசிகிச்சைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

"இந்தக் கிழவிட குரல் என்னத்துக்கு?" என்று முதலில் மறுத்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "என்ட கவி நம்மட புள்ளயளுக்குத்தான். ஊருக்கு இல்ல. சரியா?" நான் வாக்குக் கொடுத்தேன்.

அன்று மாலையே அன்புவழிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் கைபேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டபோது அழுகை வந்தது. கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. மின்விசிறியின் இரைச்சல், குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், தெருவில் போன ஓட்டோ எல்லாம் கேட்டன. மூத்தம்மாதான் சரியாகக் கேட்கவில்லை.

நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். அலைகள் பற்றிய பாடத்தில் நல்ல புள்ளிகளும் எடுத்தவள். ஆனாலும் அந்தப் பாடம் எங்கள் வீட்டுச் சுவரில் நடப்பதை அன்றுதான் கண்டேன். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மூன்று மீற்றர் தூரத்தில் உள்ள சீமெந்துச் சுவரில் பட்டுத் தெறித்து வருவதற்கு ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. தரை, கூரை, நான்கு சுவர்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் பல தடவை திருப்பிச் சொல்கின்றன. நேரில் கேட்கும்போது நமது இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து பேசுபவரின் குரலைப் பிரித்தெடுத்துக்கொள்கின்றன. ஒலிவாங்கிக்கு அந்த மூளை இல்லை. அறையில் உள்ளதை உள்ளபடியே எழுதிவிடுகிறது.

தேடி வாசித்தபோது ஒரு மனிதரைப் பற்றி அறிந்தேன். 1895 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் யார் பேசினாலும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து செக்கனுக்கும் மேலாக மண்டபத்தில் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு வோலஸ் சபீன் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் கொடுக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கத்தின் ஆசன மெத்தைகளை இரவில் இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஒலி அடங்குவதற்கு எத்தனை செக்கன் ஆகிறது என்று அளந்தார். ஊர் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகே வேலை செய்தார். விடியுமுன் மெத்தைகள் அரங்கத்துக்குத் திரும்பிவிடும். 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்டன் இசை மண்டபம் அவருடைய கணக்கின்படி கட்டப்பட்டது. இன்று உலகின் சிறந்த இசை மண்டபங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் மெத்தை இருந்தது.

சின்ன அறையைத் தேர்ந்தெடுத்தேன். கட்டிலில் இருந்த இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி மூத்தம்மா அமரும் இடத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். இரு பக்கமும் கொடி கட்டி, உம்மாவின் சாரிகளையும் குளிர்காலப் போர்வைகளையும் மடித்துத் தொங்கவிட்டேன். தரையில் பாய்களை விரித்தேன். பஞ்சுக்குள் நுழையும் ஒலி இழைகளுக்கிடையே உராய்ந்து மிகச் சிறிதளவு வெப்பமாக மாறிவிடுகிறது. மெல்லிய துணி உயர்ந்த மீடிறன்களை மட்டுமே விழுங்கும். 100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர். அதற்கு ஒரு சாரி எம்மாத்திரம்? தடித்த மெத்தையே வேண்டும். அதையும் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

காக்காவும் அவருடைய கூட்டாளிகளும் றபான் அடித்து இஸ்லாமிய கீதம் பாடுவார்கள். அவர்களிடம் கணினியில் நேரடியாகச் சொருகும் கொண்டன்சர் ஒலிவாங்கி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கினேன். பள்ளிவாசலிலும் மேடைகளிலும் நாம் காணும் டைனமிக் ஒலிவாங்கியில் காந்தத்தின் நடுவே ஒரு சிறு சுருள் அசைந்து மின்னை உண்டாக்கும். வாய்க்கு மிக அருகில் பிடித்தால்தான் அது நன்றாகக் கேட்கும். கொண்டன்சரில் மெல்லிய தகடு ஒன்று மின்னேற்றத்தோடு அதிர்கிறது. மூச்சையும் முணுமுணுப்பையும்கூட அது பிடித்துவிடும். மூத்தம்மாவின் கவிக்கு அதுதான் பொருத்தம். ஆனால், நாலு வீடு தள்ளிக் குரைக்கும் நாயையும் அது பிடித்துவிடும்!

அதனால் சபீன் செய்ததையே நானும் செய்தேன். தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் நேரம்தான் எங்கள் பகுதி அடங்கியிருக்கும் நேரம். பக்கத்து வீட்டு அன்ரியிடம் விடயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன பிள்ளை, நாயை உள்ளுக்குக் கட்டிவிடுறன். விடியச்சாமம் மோட்டரும் போடமாட்டன்" என்றார். எங்கள் பதிவில் அவருடைய பங்கும் இருக்கிறது. அவர் தந்த அமைதி அது.

முதல் இரவு தோல்வி. மூத்தம்மா கவியைத் தாழ்ந்த குரலில்தான் தொடங்குவார். மூன்றாவது அடியில் திடீரென்று குரலை மேலே தூக்கிவிடுவார். தாழ்ந்த குரலுக்கு ஏற்றபடி நான் அளவைக் கூட்டி வைத்திருந்ததால் மேலே போனபோது ஒலி கிழிந்தது. திரையில் பார்த்தால் அலைகளின் தலைகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தன. அப்படிச் சீவப்பட்ட தலையை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருப்பி ஒட்ட முடியாது. அடுத்த இரவு, அவரை முதலில் மிக உரத்த பகுதியைப் படிக்கச் சொல்லி, அதற்கும் மேலே இடம் விட்டு அளவை வைத்தேன்.

"ப" என்ற எழுத்து வரும்போதெல்லாம் காற்று ஒலிவாங்கியில் மோதி "டும்" என்று கேட்டது. என் எம்பிராய்டரி வளையத்தில் பழைய மெல்லிய காலுறை ஒன்றை இழுத்துக் கட்டி ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்தேன். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து, ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். கடையில் விற்கும் வடிகட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாம் இரவு எல்லாம் கூடி வந்தது. மின்விசிறி இல்லாத அந்தப் புழுக்கத்தில், மெத்தைக்கும் சாரிகளுக்கும் நடுவே வியர்க்க வியர்க்க அமர்ந்து, மூத்தம்மா நான்கு கவிகளும் ஒரு தாலாட்டும் படித்தார். நான் ஹெட்போனைப் போட்டபடி அசையாமல் இருந்தேன்.

முடிவில், "பேரையும் ஊரையும் சொல்லுங்க மூத்தம்மா" என்று கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இசைத்தட்டுக்காகப் பாடிய முதல் கலைஞர்களில் அவர் ஒருவர். அந்தக் காலத்தில் மின் ஒலிவாங்கி இல்லை. ஒரு பெரிய குழலுக்குள் தலையை நீட்டி, ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். தட்டை அச்சிடும் ஜேர்மனியின் ஹனோவர் நகரத் தொழிலாளர்கள் அது யாருடைய பாட்டு என்று அறிந்துகொள்வதற்காகவாம். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

மூத்தம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு தன் பெயரையும், தன் உம்மாவின் பெயரையும், "கிண்ணியா" என்பதையும் சொன்னார்.

பதிவை ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திருத்தினேன். இங்கேயும் ஒரு பாடம் படித்தேன். 80 ஹேட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை வெட்டினேன். அது நல்லதாகவே இருந்தது. அந்தத் துணிச்சலில் இரைச்சலை முழுதாக நீக்கும் கருவியை அழுத்தமாக ஓடவிட்டேன். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிட்டது. அடிகளுக்கிடையே மூத்தம்மா இழுக்கும் மூச்சும் காணாமல் போயிருந்தது. உடனே பழையபடி மாற்றினேன். நல்ல ஒலி என்பது எதை நீக்குவது என்று அறிவதோடு எதை நீக்கக்கூடாது என்று அறிவதும்தான்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால், டொக்டர் சொன்னது போலவே குரல் தடித்துவிட்டது. மூன்றாவது அடியின் உயரத்துக்கு இப்போது மூத்தம்மாவால் ஏற முடிவதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய காதில் ஹெட்போனை மாட்டிக் கவியைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"இது நானில்ல புள்ள. இது எங்கட உம்மாட குரல்."

அதற்கும் பௌதிகத்தில் காரணம் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி எலும்பு வழியாகவும் நம் காதை அடைகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இல்லை. மற்றவர்கள் கேட்கும் குரலை மூத்தம்மா அன்றுதான் கேட்டார். அதில் தன் தாயைக் கண்டுகொண்டார். அந்த விளக்கத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு காக்காவின் குழுவும் மீலாத் விழாவுக்காக அதே மெத்தை அறையில் பதிவு செய்தது. ஒரே ஒரு ஒலிவாங்கி என்பதால் பாடுபவர்களை அருகிலும் றபான்காரரைக் கதவோரத்திலும் நிறுத்தினேன். கௌஹர் ஜான் காலத்திலும் அப்படித்தான், நிற்கும் தூரத்தை வைத்தே ஒலியைச் சமப்படுத்தினார்கள். ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் கலையகத்தில் இருந்துதான் 'ரோஜா' படப் பாடல்கள் வந்தன. வீடும் கலையகமாகலாம் என்பதற்கு அது பெரிய சான்று. எங்களுடையது சின்னஞ்சிறு சான்று.

காக்காவின் கூட்டாளி ஒருவர் மூத்தம்மாவின் கவியைக் கேட்டுவிட்டு, "இதை யூடியூப்பில் போட்டால் ஆயிரக்கணக்கானோர் கேட்பார்களே!" என்றார். எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால், வாக்குக் கொடுத்தவள் நான். குரல் மூத்தம்மாவுடையது. அதை யார் கேட்கலாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. அதனால் அது எங்கள் குடும்பத்துக்குள் மூன்று பிரதிகளாக மூன்று வீடுகளில் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் மற்ற இரண்டும் இருக்கும்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தம்மாவோ வாப்பும்மாவோ இருப்பார். விலை கூடிய கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் அனுமதி கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். கைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, பெயரையும் ஊரையும் திகதியையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருந்து கேளுங்கள்.

போன வாரம் எங்கள் ராத்தாவுக்குப் பெண் குழந்தை கிடைத்தது. அழும்போது அந்தத் தாலாட்டைப் போட்டுவிடுகிறோம். மூத்தம்மா பக்கத்தில் அமர்ந்து, தடித்த குரலில், மெதுவாகக் கூடவே படிக்கிறார்.