முகத்தை நம்பாதே, எண்ணைப் பார்!

நமக்கெல்லாம் அடையாள அட்டை இருக்கிறது. ஒரு ஸ்பீடோமீட்டருக்கு இருக்கிறதா? இருக்கிறது! அதைத் தேடிப் பிடித்த கதைதான் இது.

என் தாத்தா ஓட்டிய 1955-ஆம் வருட மாரிஸ் மைனர் பல வருடம் கொட்டகையில் தூங்கியது. பெரியப்பா அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். டேஷ்போர்டின் நடுவே மீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை! பரணில் இருந்த டிரங்குப் பெட்டியிலோ மூன்று மீட்டர்கள்.

"பளபளன்னு இருக்கிறதை மாட்டிட்டு மத்ததைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம் சார்" என்றார் மெக்கானிக். பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை. "எங்க அப்பா பார்த்து ஓட்டுன மீட்டர்தாண்டா எனக்கு வேணும். மெக்கானிக்கல் படிக்கிறியே, நீ கண்டுபிடி" என்று பெட்டியை என்னிடம் தள்ளினார். டிப்ளமோவின் மானம் என் கையில்!

முதலில் டேஷ்போர்டு. 1954 கடைசியில்தான் மைனரில் மீட்டர் டிரைவருக்கு நேர் முன்னாலிருந்து நடுவுக்கு வந்தது. ஆகவே ஓட்டை சரியான இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து அளவு. பளபள மீட்டரில் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டமே 1956-இல்தான் வந்தது. 1955-இல் தாத்தா வாங்கிய காரில் மைல்தானே இருந்திருக்கும்? அழகர் அவுட்!

மீதி இரண்டும் மைல் மீட்டர்கள், இரண்டும் ஸ்மித்ஸ். ஒன்று பார்க்க சுமார், இன்னொன்று துருப்பிடித்த வளையம். டயலின் அடியில் பொடி எழுத்தில் நான்கு இலக்க எண் இருந்தது. கார் ஒரு மைல் போனால் கேபிள் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பதே அந்த எண். உள்ளே கேபிளோடு காந்தம் சுழல, அலுமினியக் கிண்ணத்தில் எடி கரண்ட் உண்டாகி முள்ளை இழுக்கும். மெல்லிய ஸ்பிரிங் எதிர்த்துப் பிடிக்கும். எண் பொருந்தாவிட்டால் முள் பொய் சொல்லும். உதாரணமாக, 1280 போட்ட மீட்டரை 1600 சுற்றும் காரில் மாட்டினால், 40 மைல் வேகத்தில் போகும்போது 50 என்று காட்டும்!

காரின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். மைலில் நூறில் ஒரு பங்கு 52.8 அடி. டயர்களுக்குச் சரியாகக் காற்றடித்து, தரையில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டோம். கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, உள்கம்பியில் ஒரு காகிதக் கொடி ஒட்டினோம். கியரை நியூட்ரலில் வைத்து பெரியப்பாவும் மெக்கானிக்கும் தள்ள, நான் கொடியின் சுற்றுகளை எண்ணினேன். அதை நூறால் பெருக்கினால் விடை. மூன்று தடவை தள்ளினோம். மூன்று தடவையும் கணக்கு துருப்பிடித்த மீட்டரோடுதான் ஒத்துப்போனது.

ஆனால் எண் பொருந்தினால் 'இந்த மாடலுக்கு ஏற்றது' என்று மட்டும்தான் அர்த்தம். 'தாத்தாவுடையது' என்று எப்படிச் சொல்வது? பெரியம்மாதான் வழி சொன்னார்: "மாமா பெட்ரோல் போடறப்பல்லாம் நோட்டுல எழுதுவாரே!" நோட்டைத் தேடி எடுத்தோம். கடைசி வரியில் 61,842. பக்கத்தில் 'மீட்டர் ரிப்பேர்' என்று தாத்தாவின் கையெழுத்து. துருப்பிடித்த மீட்டரைத் துடைத்துப் பார்த்தோம்: 61,847!

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தோழர்களே, பழைய சாமானைப் பார்த்ததும் பெயின்ட் டப்பாவைத் தேடாதீர்கள். முதலில் வருடம், அப்புறம் எண், அப்புறம் அளந்து பார்த்த கணக்கு, கடைசியில் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். இந்த நான்கும் ஒத்துப்போனால் தைரியமாகச் சொல்லலாம், 'ஒரிஜினல்' என்று!