வலிக்கலையே என்பது நல்ல சேதி அல்ல

அப்பத்தாவின் காலில் சர்க்கரைப் புண். கட்டு மாற்றுவது என் பொறுப்பு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்தான்: "மஞ்சளை வச்சுக் கட்டுங்க ஆச்சி", "காப்பித்தூளை அப்புங்க." இரண்டும் வேண்டாம். அவை புண்ணுக்குள் அழுக்கையும் கிருமியையும் கொண்டுபோய்விடும்.

நர்ஸம்மா சொல்லித்தந்த முறை இது: சோப்பு போட்டுக் கை கழுவணும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சலைன் விட்டு ஊறவைத்து எடுக்கணும். மறுபடி கை கழுவணும். புதுக் காஸை ஓரத்தில் மட்டும் பிடிக்கணும். சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

சர்க்கரையில் கால் மரத்தவருக்குப் புண் முற்றினாலும் வலிக்காமல் இருக்கலாம். தினமும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற சுகாதாரப் பணியாளர்களிடம் புண்ணை மறைக்காமல் காட்டுங்கள்.