யாரு வீட்டுப் பிள்ளை?

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டுவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா என் ஊர், அப்பா பெயர், அம்மா பிறந்த ஊர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என் பெயரையோ வேலையையோ கேட்கவே இல்லை. செக்கானூரணி வருவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. அம்மாவின் ஊரில்தான் அவருடைய நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "அப்ப நீ எனக்குப் பேரன் முறைடா" என்று சொல்லி, மடிப்பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

இந்த விசாரிப்புக்குள் ஒரு முழுத் தத்துவம் இருப்பதை எனக்குக் காட்டியவர் லூயி டுமோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது சமஸ்கிருதம் கற்றவர். பிறகு இந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்து, 1957இல் பெரிய நூலாக எழுதினார். பங்காளி, மாமன் மச்சான் என்று சொந்தம் இரண்டாகப் பிரிவதை உற்றுப் பார்த்தார். அப்பாவுக்கு மச்சான், பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், அவர் சீர்தான் முதலில் வர வேண்டும். கல்யாணம் இருவரோடு முடிவதில்லை; தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் உறவு அது. இங்கே உறவு முதலில், ஆள் பிறகு என்று டுமோன் கண்டார். தனிமனிதனிலிருந்து தொடங்கும் ஐரோப்பாதான் மனித வரலாற்றில் விதிவிலக்கு என்றும் பின்னாளில் வாதிட்டார். "நான் யார்?" என்று கேட்டால் அமெரிக்க மாணவர்கள் தங்கள் குணத்தைச் சொல்கிறார்கள், கென்யாவின் மசாய் மக்கள் உறவையும் பொறுப்பையும் சொல்கிறார்கள் என்று உளவியல் ஆய்வொன்றும் காட்டியது.

ஆனால் சாதியைப் பற்றி டுமோன் 1966இல் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுக்கின் ஒழுங்கு அவருக்குத் தெரிந்த அளவுக்கு, அதன் அடியில் நசுங்கியவரின் வலி தெரியவில்லை.

உசிலம்பட்டியில் இறங்கிப் பெருங்காமநல்லூர் போனேன். தனிமனிதன் செய்த குற்றத்துக்கு அவனே பொறுப்பு என்று படித்துவந்த வெள்ளையர், இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, கள்ளராகப் பிறப்பதையே குற்றமாக்கினார்கள். ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். ரேகை வைக்க மறுத்து ஊர் திரண்டபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் என்று ஊரில் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

மாண்டவர்களின் நினைவிடத்தில் நெடுநேரம் நின்றேன். ஆடு ஓட்டிவந்த பெரியவர் அருகில் வந்து, "யாரு வீட்டுப் பிள்ளப்பா?" என்றார்.

அம்மாவின் ஊரிலிருந்து ஆரம்பித்தேன்.