கிராணியின் தராசும் கர்த்தரின் கிருபையும்



நம் தோட்டத்து மக்களுக்குக் கணக்கு நன்றாகப் புரியும். பிரட்டில் பேர் கொடுத்தால்தான் நாள் சம்பளம். நிறுவையில் பால் குறைந்தால் கிராணி எழுதுவதும் குறையும். அந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவர்களிடம் பரலோகம் இலவசம் என்றால், நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் பிடோக்கில், மகனின் அடுக்குமாடி வீட்டில் என் பெரியம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். முப்பது வருஷம் மரம் சீவியவர். ஞாயிறு ஆராதனை தவறாதவர். போன பள்ளி விடுமுறையில் பார்க்கப் போனேன். "தம்பி, அங்கே நிறுக்கும்போது என் வாளி குறைஞ்சிருந்தா என்ன பண்ணுவேன்?" என்றார். சாவுக்கு அவர் பயப்படவில்லை, தராசுக்குத்தான் பயந்தார்.

அவருக்கு ஒரு வாத்தியாரின் கதையைச் சொன்னேன். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிச் சீமை கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயரான ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற பெருங்காப்பியத்தை 1894-இல் தந்தார். பன்யனின் கதையில் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு புறப்படுகிறான். ஒழுக்கத்தாலேயே அதை இறக்கிவிடலாம் என்று ஒருவர் வழிகாட்டுகிறார். அந்தப் பக்கம் போனால் சுமை இன்னும் கனக்கிறது! சிலுவையண்டை வந்ததும் தானாகக் கழன்று விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை.

அருள் தமிழுக்குப் புதிதுமல்ல. தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் உவமை சொல்வார்கள். "நான் பூனைக் குட்டிதான் தம்பி, பிடிச்சுக்கக் கையில பலமில்ல" என்றார் பெரியம்மா. அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

"அப்படியானால் நல்லது செய்யவே வேண்டாமா, வாத்தியாரே?" என்பீர்கள். வேண்டும். இரட்சிப்பு கிரியைகளால் அல்ல என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அந்தக் கையோடு நற்கிரியைகளையும் சொல்கிறார். பெற்ற பிள்ளை வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது கூலிக்கா?

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அந்தத் திராட்சத்தோட்டத்து முதலாளி, விடியலில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தார். நம் தோட்டத்தில் நடந்தால் சங்கம் சும்மா விடுமா? ஆனால் கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல; நாள் முழுக்க அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஒரு மணி நேரக் கூலியோடு அனுப்பியிருந்தால் அன்றிரவு அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்திருக்கும்? பிரட்டில் பேர் கிடைக்காமல் வீடு திரும்பியவர்களுக்கு அது தெரியும்.