பெயரில்லாத மாதங்கள்

கர்ப்ப காலத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தமிழில் சொற்கள் தாராளமாக உண்டு. வாந்தியும் வாய்க்கசப்பும் கிறுகிறுப்புமாகக் கழியும் முதல் மாதங்களை மசக்கை என்ற ஒரே சொல் முழுமையாகப் பிடித்துவிடுகிறது. பழந்தமிழில் அதற்கு வயா என்று பெயர். பிரசவத்தை நெருங்கியவளை நிறைசூலி என்றும் நிறைமாதக்காரி என்றும் சொல்லப் பழகிய இதே மொழி, இடையில் வரும் மாதங்களுக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கவில்லை. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் மழை மேகத்துக்கு உவமை தேடியபோது, பச்சைப் புளிக்கு ஏங்கும், நடக்க மாட்டாமல் தளர்ந்த முதிர்சூல் பெண்ணையே எடுத்துக்கொண்டார். மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் மாதவாரியாகக் கணக்குச் சொல்கிறது என்றாலும், அது கரு தப்பிப் பிழைக்கும் இடர்களின் கணக்கே ஆகும். தாய் அதில் வயிறாக முதலிலேயே வந்துவிட, துன்பப்படும் ஒருத்தியாக வருவது பத்தாம் மாதத்தில்தான். இலக்கியத்தில் விடுபட்டுப்போனது வீட்டிலும் விடுபடுகிறது என்பதே இந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி.

மருத்துவக் கணக்கில் 14ஆம் வாரம் முதல் 27ஆம் வாரம் முடிய உள்ள காலம் இரண்டாம் மும்மாதம் எனப்படும். இந்தக் கணக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குவதால், கரு உருவாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் அதில் சேர்ந்துவிடுகின்றன. பத்து மாதம் என்று பாட்டிமார் சொல்வதும், 280 நாள் என்று மருத்துவர் சொல்வதும், மாதத்துக்கு 28 நாள் என்று வைத்துப் பெருக்கினால் ஒன்றுதான். ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் நடத்தும் மாதக் கணக்கு வாக்குவாதத்தில் பெரும்பாலும் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் காலத்தின் தொடக்கத்தில் பெரும்பாலான பெண்களுக்கு மசக்கை தெளிகிறது. சிறுநீர்ச் சோதனையில் இரண்டாவது கோட்டைக் காட்டும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் 8 முதல் 11 வாரங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. மசக்கையோடு அதற்குத் தொடர்புண்டு என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனைச் சுரக்கும் பொறுப்பையும் அதற்குள் சினைப்பையிடமிருந்து நச்சுக்கொடி, அதாவது தாயின் இரத்தத்திலிருந்து கருவுக்கு ஊட்டம் கொண்டுசெல்லும் உறுப்பு, எடுத்துக்கொண்டிருக்கும். தாளிக்கும் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியவள் ஒரு நாள் தானாகவே வாணலி முன் நின்று கடுகு போடுகிறாள். முகத்தில் களை திரும்புகிறது. மத்தியானச் சோறு வயிற்றில் தங்குகிறது. அன்றைக்கே, "இனி என்ன, நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. மசக்கைக்காகக் கைமாறிய துணி துவைப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, மறுபடி அவளிடம் வந்து சேர்கின்றன.

அந்தத் தீர்ப்பு தவறு. திரும்பி வந்திருப்பது பழைய தெம்பு அல்ல. வெளியே அமைதியாகத் தெரியும் இந்த மாதங்களில்தான் உடல் தன் இரத்த ஓட்டத்தையே மாற்றி அமைத்துக்கொள்கிறது. பிரசவத்தை நெருங்கும்போது இரத்தத்தின் மொத்த அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருக்கும். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி இந்த மாதங்களில் சேர்வது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் இரத்தமும் அதற்கேற்ப உயர்கிறது. ஆனால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் பெருகுவதில்லை. பருப்பைச் சற்றே கூட்டித் தண்ணீரை நிறையக் கூட்டினால் சாம்பார் நீர்த்துப்போவதைப் போல இரத்தமும் நீர்க்கிறது. இரத்தச்சோகையை அளக்க உலக சுகாதார நிறுவனம் முதல் மும்மாதத்திலும் கடைசி மும்மாதத்திலும் ஹீமோகுளோபின் 11 கிராம் என்ற எல்லையை வைத்து, நடு மும்மாதத்துக்கு மட்டும் அதை 10.5 ஆக இறக்கி வைத்திருப்பது இந்த இயல்பான நீர்த்தலைக் கணக்கில் கொண்டுதான். முன்பே இரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்கு அந்தச் சலுகை போதாது. முகத்தில் களையோடு நடமாடும் அவளுடைய இரத்தம் உள்ளுக்குள் வெளுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்துவதும் புரோஜெஸ்டிரோனின் வேலைகளுள் ஒன்று. அதனால் இரத்த அழுத்தம் இந்த மாதங்களில் சற்றே தாழ்கிறது. குந்தி உட்கார்ந்து அரிசி புடைத்தவள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். அதே ஹார்மோன் இரைப்பையின் மேல்வாய்த் தசையையும் தளர்த்துவதால் படுத்தவுடன் நெஞ்செரிகிறது. குடலின் அசைவை மந்தமாக்குவதால் மலம் கட்டுகிறது. தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றி, தனித்தனிக் கைவைத்தியம் பெறும் இவற்றின் வேர் ஒன்றே என்பதை அறிந்த பெண்ணுக்குப் பாதி பயம் தீர்ந்துவிடும்.

உருவ மாற்றத்தை முதலில் அறிவிப்பது கண்ணாடி அல்ல, உள்பாவாடையின் நாடா. முடிச்சுக்குப் பின் தொங்கிய நாடா வாரத்துக்கு வாரம் குட்டையாகிறது. மாலையில் அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம் ஒன்று மிஞ்சுகிறது. பிறகு முடிச்சு வயிற்றுக்குக் கீழே இறங்க, அதோடு புடவைக் கொசுவமும் இறங்குகிறது. உள்ளே நடப்பதும் அளவு பிசகாத ஏற்றம்தான். 12ஆம் வாரத்தில் இடுப்புக்கூட்டின் முன்னெலும்பை எட்டிப் பார்க்கும் கருப்பையின் உச்சி 20ஆம் வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வருகிறது. அதன்பின் கிராம சுகாதார செவிலியர் அந்த முன்னெலும்பிலிருந்து உச்சிவரை நாடா வைத்து அளந்தால் கிடைக்கும் சென்டிமீட்டர் எண், ஓரிரண்டு கூடக் குறைய, வாரத்தின் எண்ணோடு ஒத்துப்போகும். இந்த எளிய கணக்குக்கு மின்சாரம்கூட வேண்டாம். கருப்பையை இருபுறமும் தாங்கும் தசைநார்கள் இழுபடுவதால், திரும்பிப் படுக்கும்போதோ தும்மும்போதோ தொடை இடுக்கில் சுருக்கென்று வலித்து மறைவதுண்டு. தொப்புளிலிருந்து கீழே ஒரு கருங்கோடு இறங்குகிறது; கன்னத்தில் மங்கு படர்கிறது. இந்த நிறமாற்றத்தைக் கண்டு குங்குமப்பூவுக்குக் காசைக் கரைக்கும் குடும்பங்கள் இன்றும் குறையவில்லை. குழந்தையின் நிறம் பெற்றோர் வழி வருவது, பாலில் கலந்து குடிப்பதால் வருவதல்ல. மோதிரம் சற்று இறுகுவதும் இயல்பே. ஆனால் 20ஆம் வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவள் அதன் அசைவை உணர்வது பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில். ஏற்கெனவே பெற்றவளுக்கு இரண்டு வாரம் முன்பாகவே தெரிந்துவிடும். முதல் அசைவு உதையாக இருப்பதில்லை. குளத்து மீன் வாலால் தொட்டுவிட்டுப் போவதைப் போன்ற அந்த நொடியை வாயு என்று எண்ணி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் ஏராளம். பகலெல்லாம் நடமாடியவள் இரவில் படுத்ததும் அசைவு கூடுவதாகத் தோன்றுவதற்கு, அப்போதுதான் அவள் கவனம் அதன்மேல் திரும்புகிறது என்பது ஒரு காரணம். அசதிக்கும் இப்படி ஒரு நாள் ஒழுங்கு உண்டு: காலையில் ஊறும் சுறுசுறுப்பு மத்தியானத்தில் வடிந்து, மாலையில் ஓரளவு திரும்புகிறது. காலையில் அவளைப் பார்த்தவர்கள் மத்தியானத் தூக்கத்தைச் சோம்பல் என்கிறார்கள்.

இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற அறிவுரையும் இப்போதுதான் வலுக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்கும் கூடுதல் உணவு நாளைக்கு 350 கிலோகலோரி மட்டுமே. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, இரண்டு இட்லி ஆகியவற்றில் அது கிட்டத்தட்ட அடங்கிவிடும். சோற்றைக் கூட்டுவதைவிட முக்கியமானது, இந்த மும்மாதம் முதல் 180 நாள் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் விழுங்குவது. மலம் கறுப்பதைக் கண்டு பயந்தோ குமட்டலுக்கு அஞ்சியோ நிறுத்தப்படும் அந்த மாத்திரை, பல வீடுகளில் காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டு அப்படியே கிடக்கிறது. விழுங்குகிறவர்களிலும் பலர் கூடவே டீ குடித்து அதன் பலனைக் குறைத்துக்கொள்கிறார்கள். நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலைக்குத் தடை போடும் காலமும் இது என்பதால், 24 முதல் 28 வாரங்களுக்குள் கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனை செய்யப்படுகிறது. வெறும் வயிறாக இருக்க வேண்டிய கட்டாயமின்றி 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை பார்க்கும் முறையை வலியுறுத்திப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா.

சட்டமும் இந்த மாதங்களைத் தாண்டித்தான் கண் திறக்கிறது. மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரம் வரை என உயர்த்தப்பட்டது. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் வேண்டாம் என்று கேட்கும் உரிமையும் பிரசவ நாளுக்கு ஏறத்தாழ 10 வாரம் முன்பிருந்தே தொடங்குகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்பவளுக்கும் நாற்று நடக் குனிபவளுக்கும் நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்களில் வீட்டாரின் கண்ணைத் தவிர வேறு காவல் இல்லை. மசக்கையின்போது பிறர் கைக்குப் போன தண்ணீர்க் குடமும் துணி மூட்டையும் குழந்தை பிறக்கும்வரை அந்தக் கைகளிலேயே இருக்கட்டும்.