பூக்கக் கூடாத செடியும் பூத்தே தீரவேண்டிய செடியும்

குளிர்காலத் தில்லியில் கொத்தமல்லிக்கு விலை கிடையாது. கேரட்டும் பட்டாணியும் வாங்கிப் பையைக் கட்டும் நேரத்தில் "பையா, தோடா தனியா டால் தோ" (அண்ணே, கொஞ்சம் மல்லி போடுங்க) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைப்பிடித் தழையும் நாலு பச்சை மிளகாயும் மேலே வந்து விழும். இது சலுகை அல்ல, உரிமை. 2024இல் ஒருவர், பிளிங்கிட் செயலியில் காய்கறி வாங்கினால் கொத்தமல்லிக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களே என்று தன் அம்மா அதிர்ந்துபோனதாக எழுதப்போக, அந்த நிறுவனமே இறங்கிவந்து காய்கறியோடு தனியாவை இலவசமாகத் தர ஆரம்பித்தது. அப்படிப்பட்ட ஊரில் மொட்டைமாடித் தொட்டியில் மல்லி விதைக்கிறவனை வீட்டில் என்ன சொல்வார்கள்?

"ஓசியில கெடைக்கிறதுக்குத் தொட்டி, மண்ணு, உரம். ஒரு வாரத்துல கொட்டிப்போற பூவுக்கு அத்தனை துட்டு. உங்க கணக்கே தனி" என்பாள் என் மனைவி. அவள் சொல்லும் அந்தப் பூ டியூலிப்.

இரண்டையும் பல குளிர்காலங்களாக அடுத்தடுத்து வைத்து வளர்த்து வருகிறேன். எதை வைக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று, வீட்டில் நான் செய்வது வேறு.

டியூலிப் ஆசை எனக்குச் சாணக்யபுரியில் தொற்றியது. தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாந்தி பத் ஓரத்தில் புது தில்லி நகராட்சி மன்றமான என்.டி.எம்.சி. பிப்ரவரிதோறும் டியூலிப் பாத்திகள் போடுகிறது. ஜி20 மாநாட்டை இந்தியா நடத்திய 2023இல், நெதர்லாந்திலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகளை வரவழைத்துத் தலைநகரின் சாலைத் தீவுகளையும் பூங்காக்களையும் நிரப்பினார்கள். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் செல்ஃபியோடு திருப்திப்படுகிறார்கள். நான் கிழங்கு தேடி நர்சரிக்குப் போனேன்.

பார்வைக்கு அது ஒரு சின்ன வெங்காயம். தோல்கூட அதே பழுப்பு. ஆனால் நம் கைக்கு வரும்போது அதற்குள் பூ ஏற்கெனவே உருவாகி இருக்கிறது. போன கோடையிலேயே மொட்டு கட்டியாகிவிட்டது. தண்டு நீண்டு அது வெளியே வர வேண்டுமானால் கிழங்கு மூன்று நான்கு மாதம் கடுங்குளிரில் கிடந்திருக்க வேண்டும். தில்லி ஜனவரியில் காலை ஐந்து டிகிரிக்கு இறங்கி நம்மைக் கம்பளிக்குள் சுருட்டினாலும் மதியம் இருபதைத் தொட்டுவிடும். டியூலிப்புக்கு அது போதாது. அதனால் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அதை நம்பவைத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் வேலை மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது. ஒரு விதத்தில், வேறு யாரோ வளர்த்த பூவைப் பிரித்துப் பார்க்கிறோம்.

பூத்த பிறகுதான் கிழங்குக்கு உண்மையான வேலை. நட்ட கிழங்கு அந்த ஒரு பூவோடு கரைந்துபோகும். அதற்குள்ளிருந்து பிள்ளைக் கிழங்குகள் பிறக்கும். இலைகள் பச்சையாக நின்று வாரக்கணக்கில் அவற்றுக்கு ஊட்ட வேண்டும். தில்லியில் மார்ச் பாதியிலேயே வெயில் ஏறிவிடுகிறது. இலை பழுத்துச் சாய்ந்துவிடும். பூண்டுப் பல் அளவில் சில கிழங்குகள் மிஞ்சும். அவை மறு ஆண்டு ஓர் இலையை நீட்டிவிட்டு அடங்கிவிடும். ஆகவே தில்லியில் டியூலிப் என்பது வருடாவருடம் வாங்க வேண்டிய டிக்கெட். இந்தச் செலவைக் குறைக்கத்தான் இமாச்சலத்தில் பாலம்பூரில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் மலைக்குளிரில் டியூலிப் வளர்த்து என்.டி.எம்.சி.க்குத் தந்து வருகிறது. நியாயமான யோசனை. அந்தப் பூவின் பூர்வீகமே மத்திய ஆசிய மலைகள்தான். ஹாலந்துக்குப் பதினாறாம் நூற்றாண்டில்தான் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் சூதாட்டப் பொருளாகி, 1637 பிப்ரவரியில் விலை தலைகுப்புற விழுந்த கதை பொருளாதாரப் புத்தகங்களில் வரும்.

மல்லிக்கு இந்த வம்சப் பெருமை எல்லாம் கிடையாது, துத்தன்காமனின் கல்லறையில் மல்லி விதை கிடைத்தது என்பதைத் தவிர. அது கேட்பது ஒன்றுதான்: சரியான மாதம். நாம் விதை என்று சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் உண்டு. தரையில் பரப்பி செருப்பால் லேசாகத் தேய்த்தால் இரண்டாக உடையும். ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் பத்துப் பதினைந்து நாளில் முளை தெரியும். ஆணிவேர் என்பதால் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் முகம் சுருங்கும். விதைத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தீபாவளியையொட்டிப் போட்டால் டிசம்பரில் பறிக்கலாம். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பிறகு பகல் நீண்டு வெயில் உறைக்கும்போது தண்டு விறைத்து மேலே போகும். அகன்ற இலை போய் நூல் மாதிரி இலை வரும். உச்சியில் குடை விரித்தாற்போல் சின்ன வெள்ளைப் பூக்கள். "பூ வந்துட்டா போச்சு" என்று எங்கள் மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மா முதல் யூடியூப் தோட்டக்காரர்கள் வரை ஒரே குரலில் சொல்வார்கள். தழை கசக்கும், பிடுங்கிப் போடு என்பார்கள்.

ஆக, ஒரு தொட்டியில் பூ வர வேண்டும் என்று தவம். பக்கத்துத் தொட்டியில் பூ வந்துவிடக் கூடாது என்று காவல். இரண்டும் ஒரே ஐப்பசி, கார்த்திகையில் மண்ணுக்குள் போய் ஒரே பங்குனியில் முடிகின்றன.

இதை வேறு மாதிரிப் பார்க்கலாம் என்று காட்டியவர் என் அப்பா. கோவில்பட்டிப் பக்கம், மானாவாரிக் கரிசல். அங்கே மல்லி என்றால் விதைதான். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்து, மழை நின்ற பிறகு கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் பனியிலும் விளைந்து, தை, மாசியில் அறுப்பு. தழையை யாரும் சீண்டமாட்டார்கள். ஒரு வருடம் அறுப்பு முடிந்த கையோடு தில்லிக்கு வந்திருந்தார். மாடியில் நான் மல்லியின் பூத்தண்டுகளைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏய்யா, பூவைக் கிள்ளுற? வெள்ளாமையே அதுலதான இருக்கு."

தழைக்காக, அப்பா, என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. பூவெடுத்த மல்லிக்காட்டில் தேனீ இரைவதைக் கேட்டே அந்த வருடத்து மகசூலைச் சொல்லிவிடக்கூடிய மனிதர். பிறகு டியூலிப் பக்கம் திரும்பினார். முளைக்காமல் போன ஒரு கிழங்கைக் கிண்டி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார்.

"வேக வச்சுத் திங்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அது சிரிப்பதற்கான கேள்வி அல்ல என்று. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த டச்சுக்காரர்கள் டியூலிப் கிழங்கைத்தான் வேகவைத்துத் தின்றார்கள். நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தில் விஷம் என்று அதை எடுத்துவிட்டு.

"விதை எப்ப வரும்?"

"வராது. வருசா வருசம் வாங்கணும்."

"வாசம்?"

"இல்ல."

"எம்புட்டு?"

விலையில் பத்தில் ஒரு பங்கைச் சொன்னேன். "அதுக்கே கூடத்தான்" என்றார்.

அந்தப் பொய்யைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நட்டது எதுவானாலும் ஏதாவது தர வேண்டும். பூ என்றாலும் கனகாம்பரம், பிச்சி. தலைக்கு ஆகும், சாமிக்கு ஆகும், மிஞ்சினால் பந்தாகக் கட்டி விற்கலாம். டியூலிப்பைச் சூட முடியாது, தொடுக்க முடியாது, சாமிக்கும் யாரும் வைப்பதில்லை. என்னை இழுத்ததே அதுதான். எதற்கும் ஆகாத ஒன்றுக்குக் காசு கொடுக்க என்னால் முடிகிறது என்ற திமிர். சர்க்கார் சம்பளம் வாங்கத் தொடங்கியபின் எனக்குள் வளர்ந்த திமிர் அது. அதை அழகுணர்ச்சி என்று எனக்கு நானே பெயரிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா முன்னால் அந்தப் பெயர் செல்லாது என்று தெரிந்ததால்தான் விலையைக் குறைத்தேன்.

சரி, நண்பர்களுக்குச் சொல்லும் பதில். தில்லியில் கிழங்குப் பூ வேண்டுமென்றால் நிலச்சம்பங்கி வையுங்கள். இங்கே ரஜனிகந்தா என்று கேட்டால் எந்த நர்சரியிலும் கொடுப்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், ஆனாலும் இந்த வெயிலைத் தாங்கும். மார்ச்சில் ஊன்றினால் மழைக்காலத்தில் பூக்கும், இரவில் மாடி முழுக்க மணக்கும், அடுத்த ஆண்டு கிழங்கு பெருகியிருக்கும். மழை பெய்ததும் பூக்கும் ரெயின் லில்லியைக் கொல்ல நினைத்தாலும் சாகாது. தழை வேண்டுமென்றால் மல்லி. ஆனால் தனியாவுக்கு உண்மையில் விலை ஏறும் ஜூலை, ஆகஸ்டில் உங்கள் தொட்டி கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். அந்தப் புழுக்கத்தில் முளைத்த வேகத்தில் அழுகும். மண்டிக்கு மலையிலிருந்து வரும் கட்டைச் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான். அப்போது வண்டிக்காரரிடம் ஓசி கேட்டால் அவர் பார்க்கும் பார்வையே வேறு.

நான் செய்வது இது. மல்லித் தொட்டிகளில் பாதி மனைவிக்கு. குளிர்காலம் முழுக்கத் தொக்கும் துவையலுமாக அறுத்துத் தீர்ப்பாள். மறுபாதியில் கத்தரி படாது. பிப்ரவரி கடைசியில் அது வெள்ளையாகப் பூத்து, மாடிவீட்டு அம்மா தலையில் அடித்துக்கொள்ள, ஏப்ரலில் ஒரு டம்ளர் விதை தரும். அதில் அடுத்த ஐப்பசிக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை ரசப்பொடிக்குக் கொடுத்துவிடுகிறேன். டியூலிப்பும் உண்டு, முன்பைவிடக் கொஞ்சமாக. அதற்கான காசு என் கணக்கில் கழிக்கப்படும் என்பது வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம். அதனால் தீபாவளிக்கு எனக்குச் சட்டை எடுப்பதில்லை.