மழையோடு போன ரயில்கள்

சுவிட்சர்லாந்தில் ஸ்வைலூட்ஷினன் என்று ஒரு சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. கறுப்பு லூட்ஷினே, வெள்ளை லூட்ஷினே என்ற இரண்டு மலையாறுகள் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. இன்டர்லாக்கனிலிருந்து வரும் ரயிலோ அதே இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி கிரிண்டெல்வால்டுக்குப் போகும், மறு பாதி லவுட்டர்புரூனனுக்கு. 2024 மே மாதம் ஒரு காலையில், கொட்டுகிற மழையில் குடையும் பெட்டியுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறியபோது, அம்மாவும் என் மகனும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டார்கள். அப்பா, கணவர், மகள், நான் நால்வரும் கூட்டத்தோடு இன்னொரு பெட்டிக்குள் தள்ளப்பட்டோம். ஸ்வைலூட்ஷினனில் ரயில் நின்றது, ஒருமுறை குலுங்கியது, மறுபடி புறப்பட்டது. அம்மா இருந்த பாதி வேறொரு பள்ளத்தாக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மாவின் கைபேசியில் அந்த ஊர் சிம் இல்லை. மகனுக்கு ஒன்பது வயது. லவுட்டர்புரூனனில் இறங்கியதும் கணவர் டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினார். அங்கிருந்த பெண் பாதிக் கதையிலேயே தொலைபேசியை எடுத்துவிட்டார். பாட்டி, பேரன், நீலச் சேலை, மஞ்சள் மழைக்கோட்டு என்று அடையாளம் கேட்டுச் சொன்னார். கிரிண்டெல்வால்டில் ரயில் நின்றதும் ஒருவர் நடைமேடைக்கு வந்து அவர்களைக் கண்டுபிடித்து, கீழே திரும்பும் ரயிலில் ஏற்றிவிடுவார் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அப்பா செய்தது தண்டவாளத்தைப் பார்த்ததுதான்.

அப்பா தென்னக ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையம் குன்னூர் மலைப்பாதையில் அவர் வேலை செய்த காலம்தான் எங்கள் வீட்டின் நடுக்காலம். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்ற பெயர்களைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். லவுட்டர்புரூனன் நிலையத்தில் வெங்கன் மலையூருக்கு ஏறும் பாதையில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான ராக் இரும்பு மழையில் நனைந்து பளபளத்தது. அப்பா குடைக்கு வெளியே போய்க் குனிந்து பார்த்தார்.

"இது நம்மளுது மாதிரி இல்லீங்க மாப்பிள்ளை. நம்ம லைன்ல பல்லு வச்ச பட்டை. இது ரெண்டு பக்கமும் சட்டம் வச்சு நடுவுல குறுக்கே கம்பி அடிச்சது" என்றார்.

அவர் கண்டது சரி. லவுட்டர்புரூனனில் இருப்பது நிக்கலவுஸ் ரிக்கன்பாக் வகுத்த முறையின் வழிவந்தது. 1871இல் லுசேர்ன் ஏரிக்கரையிலிருந்து ரிகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலை ஓட்டியவர் அவர். நீலகிரிக்கும் 1880களில் ஒரு திட்டம் தயாரித்துக் கொடுத்தார். கடைசியில் நம் மலையில் போடப்பட்டது, அவரிடம் வேலை பார்த்த இன்னொரு சுவிஸ்காரர் ரோமன் அப்ட் கண்டுபிடித்த முறை. 1899இல் குன்னூர் வரை ரயில் வந்தது, 1908இல் ஊட்டி வரை நீண்டது. அந்தப் பாதையின் நீராவி எஞ்சின்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. இன்டர்லாக்கனிலிருந்து எங்களை ஏற்றி வந்த பாதையும் மீட்டர் கேஜ்தான். அப்பா வாழ்நாளெல்லாம் போல்ட் முடுக்கிய அதே அகலம். மனைவியும் பேரனும் கண்ணில் படாத அந்த நேரத்தில் அவருக்குப் பிடிமானமாக அந்த இரும்பு இருந்தது.

சுவிட்சர்லாந்துக்கு வருமுன், மழை எங்களைப் பாரிஸிலேயே பிடித்துக்கொண்டது. ஈஃபிள் கோபுரத்தின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. நனைந்தபடி நாங்கள் ஒதுங்கிய இடம் ஓர்சே அருங்காட்சியகம். அதுவே ஒரு பழைய ரயில் நிலையம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. பின்னால் வந்த நீண்ட மின்சார ரயில்களுக்கு அதன் நடைமேடைகள் நீளம் போதாமல், 1939 வாக்கில் தொலைதூர வண்டிகள் அங்கே வருவது நின்றது. 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஓவியர் மோனே 1877இல் வரைந்த சேன்-லசார் ரயில் நிலைய ஓவியம் அங்கே மாட்டியிருக்கிறது. கண்ணாடிக் கூரைக்கு அடியில் நீல நிறத்தில் சுருளும் நீராவி. அப்பா அந்த ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றார். அங்கே சிலைகள் நிற்கும் நடுக்கூடம் ஒரு காலத்தில் தண்டவாளம் ஓடிய இடம் என்று அவருக்குச் சொன்னபோது, தரையை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தார்.

பாரிஸிலிருந்து பாசல் போகும் வழியில் புயற்காற்று. பாதையில் மரம் விழுந்து, வயல்வெளி நடுவே ரயில் நின்றுவிட்டது. மின்சாரமும் போய், பெட்டிக்குள் குளிர் ஏறியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பக்கத்து இருக்கைகளில் பெருமூச்சும் முணுமுணுப்புமாக இருந்தது. அடுத்த ரயில் தவறிவிடும் என்று நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் எழுந்து கதவோரக் கண்ணாடிக்குப் போனார். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆட்கள் சிலர் மழையில் ரம்பத்தோடு பாதையோரம் நடந்து போவது அங்கிருந்து தெரிந்தது. வேலையை முடித்து அவர்கள் ஒதுங்கி நின்றதும், எங்கள் ரயில் அவர்களைக் கடந்தபோது அப்பா கையை உயர்த்தினார். ஒருவர் திருப்பிக் கையசைத்தார். இந்தப் பயணத்தை நான் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எந்த ரயிலும் மழையில் தானாக ஓடுவதில்லை. யாரோ ஒருவர் நனைந்துகொண்டு வெளியே நிற்கிறார்.

பாசலில் எங்கள் இணைப்பு ரயில் போயிருந்தது. அடுத்தது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்து 1982 முதல் நாடு முழுவதும் ஒரே தாளத்தில் ரயில்களை ஓட்டுகிறது. முக்கிய நிலையங்களில் நாலா பக்கத்து வண்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, ஆட்களை மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அதைப் பெருக்கி வளர்க்க 1987இல் மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். ஒரு நாட்டின் மக்கள் ரயில் அட்டவணைக்காக வாக்களித்தார்கள் என்பது பனிமலையைவிட எனக்குப் பெரிய காட்சி. அங்குள்ள நிலையக் கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதன் சிவப்பு வினாடி முள் ஏறக்குறைய 58.5 வினாடியில் சுற்றி முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து நிற்கும். மையக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிட முள் ஒரு தாவு தாவும், எல்லாக் கடிகாரமும் ஒன்றாக அடுத்த நிமிடத்துக்குள் போகும். மகள் அதன் அடியில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பிரிந்துபோன அந்தக் காலையில், அம்மாவும் மகனும் லவுட்டர்புரூனனில் வந்து இறங்கியபோது மகன் கையில் ஒரு சாக்லெட் இருந்தது. கிரிண்டெல்வால்டு நிலையத்தில் யாரோ கொடுத்தார்களாம். ஐகர் சிகரத்தைப் பார்த்தாயா என்று அவன் அக்கா கேட்டாள். "வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றான். அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க பயந்துக்கலையே?" என்று கேட்டாள். தொலைந்து போனவள் கேட்ட கேள்வி அது.

யுங்ஃபிராவ்யோக் வரை மலை ரயிலில் போகும் எண்ணத்தை அன்று விட்டுவிட்டோம். 1912இல் திறந்த அந்த ரயில், ஐகர், மெங்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றுக்குள் குடைந்து 3,454 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. மேலே உள்ள நேரலைக் கேமராவில் மேகம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதற்குப் பதிலாக டிரும்மல்பாக் அருவிக்குப் போனோம். மழை நாளில் அங்கே போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். ஐகர், மெங்க், யுங்ஃபிராவ் மூன்றின் பனிப்பாறைகளும் உருகி வரும் தண்ணீர் பாறைக்குள் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிறது. வினாடிக்கு 20,000 லிட்டர் வரை பாயக்கூடியது. மலைக்குள் செல்லும் லிஃப்டில் ஏறி, விளக்கு வைத்த குகைப்படிகளில் இறங்கி வர வேண்டும். அன்று உருகிய பனியோடு மழைத் தண்ணீரும் சேர்ந்து, கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. பேசினால் காது கேட்கவில்லை. பாறை இடுக்கில் தண்ணீர் சுழன்று திரும்பும் ஓரிடத்தில் அம்மா கும்பிட்டாள். பிள்ளைகள் இருவரும் அவளைப் பார்த்துத் தாங்களும் கும்பிட்டார்கள்.

பிறகு லுசேர்ன். ஒரு ராத்திரி, மரப்பாலம், ஏரிமேல் புகைபோல மழை. அங்கிருந்து இத்தாலிக்குத் தெற்கே கிளம்பினோம். 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்டு அடிவாரச் சுரங்கத்தில் 2023 ஆகஸ்ட் 10 அன்று ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. சுரங்கம் 2024 செப்டம்பரில்தான் மறுபடி முழுதாகத் திறந்தது. அதனால் நாங்கள் போன நேரத்தில் பயணிகள் வண்டிகள் பெரும்பாலும் பழைய மலைப்பாதையில் சுற்றி ஓடின. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். மழையும் சேர்ந்து வண்டிகள் தாமதமாகி, ஆர்த்கோல்டா நிலையத்தில் எங்கள் விரைவு வண்டி தவறியது. எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டியில் ஏறினோம். அப்பா முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எர்ஸ்ட்ஃபெல்டில் தொடங்கி கெஷனன் வரை அந்தப் பாதை அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பல்சக்கரம் கிடையாது. மலைக்குள் வளைந்து வளைந்து செல்லும் சுரங்கங்கள் வழியாக உயரம் பிடிக்கிறது. வாசன் என்ற ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை கண்ணில் படும். முதலில் அண்ணாந்து பார்க்கிறோம், பிறகு நமக்கு நேராக வருகிறது, கடைசியில் கீழே தெரிகிறது. மகன் மூன்றாவது தடவை, "தாத்தா, கோயில் நம்ம பின்னாடியே வருது" என்று கத்தினான்.

கெஷனனுக்கு அப்பால் 15 கிலோமீட்டர் பழைய சுரங்கம். 1872இல் வெட்டத் தொடங்கி 1882இல் ரயில் ஓடியது. ஜெனீவாக்காரரான லூயி ஃபாவ்ர் அதைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். கெடு நெருங்க, செலவு ஏற, 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைத்து இறந்தார். அடுத்த ஆண்டுதான் இரண்டு பக்கத்துக் குடைவும் சந்தித்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இத்தாலிய ஏழைகள். வெடியிலும் பாறை சரிவிலும் ஏறக்குறைய இருநூறு பேர் செத்தார்கள். சூடும் ஈரமும் அசுத்தமும் நிறைந்த குகையில் கொக்கிப்புழு பரவி ரத்தசோகையில் விழுந்தவர்கள் இன்னும் ஏராளம். 1875இல் கெஷனனில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேர் உயிர் போனது. இவற்றைக் கைபேசியில் படித்து அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருட்டுக்குள் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் சன்னல் கண்ணாடியில் விரல் வைத்திருந்தார்.

சுரங்கம் முடியும் ஐரோலோவில் இறங்கினோம். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. டிச்சினோ மாநிலத்துச் சிற்பி வின்செஞ்சோ வேலா, சுரங்கம் திறந்த காலத்தில் யாரும் கேட்காமலே செய்தது. திறப்பு விழாவின் ஐம்பதாம் ஆண்டான 1932இல் அங்கே வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள். இறந்த ஒருவனைச் சக தொழிலாளிகள் பாடையில் தூக்கி வருகிறார்கள். அவ்வளவுதான் அதில் இருப்பது. மழை அங்கேயும் விடவில்லை.

அம்மா அந்த உருவங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவங்க ஊட்டுல ஆரு முழிச்சுட்டு இருந்தாங்களோ?" என்றாள். பிறகு எங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஐப்பசி கார்த்திகையில் மலைச்சரிவு விழும் ராத்திரிகளில் அப்பா ரோந்து போவார். கையில் விளக்கு, ஆபத்தென்றால் வண்டியை நிறுத்த டெட்டனேட்டர், தோளில் சாக்கு. கல்லாறிலிருந்து மேலே நடந்து, மண் சரிந்திருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். அந்த ராத்திரிகளில் மேட்டுப்பாளையம் குவார்ட்டர்ஸில் அம்மா ஒருநாளும் படுத்ததில்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

"நீ தூங்கிட்டிருக்கேன்னுதான் நான் கதவை மெதுவாத் திறப்பேன்" என்றார் அப்பா.

"தெரியுமுங்க."

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. நிலையத்துக்குள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். பேரன் டெட்டனேட்டர் எப்படி வெடிக்கும் என்று கேட்க, அப்பா முதல் ரோந்து ராத்திரியிலிருந்து தொடங்கினார். எங்கெங்கே எவ்வளவு மண் விழுந்தது, எந்தப் பாலத்தில் நின்று விளக்கைக் காட்டினார் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர் தேதி மறந்த இடத்தில் அம்மா எடுத்துக்கொடுத்தாள். பெல்லின்சோனா வந்து வண்டி மாறும்போது அவர்கள் அடர்லி வரைதான் போயிருந்தார்கள்.